விதையிலிருந்து மிளகாயும் தக்காளியும்: கடலூர், புதுச்சேரி வீட்டுத் தோட்டத்துக்கு முழு வழிகாட்டி

பங்குனி பிறந்ததும் எனக்கு வரும் கேள்வி ஒன்றுதான். "அக்கா, தக்காளிச் செடி இடுப்பு உயரம் வந்துடுச்சு, கொத்துக் கொத்தா பூக்குது, ஒண்ணுகூட பிஞ்சு நிக்கல, என்ன உரம் போடறது?" செடியைப் பார்க்காமலே நான் திருப்பிக் கேட்பேன், விதை என்றைக்குப் போட்டீர்கள் என்று. பொங்கலுக்கு அப்புறம் என்று பதில் வந்தால், அந்தச் செடிக்கு எந்த உரமும் இனி பெரிதாக உதவாது.

கடலூரில் கடலுக்குப் பக்கமான தெருவில், மொட்டை மாடியில் செடி வளர்க்கிறேன். அக்கம்பக்கத்தில் நாற்று கேட்டு வருபவர்களுக்குக் கொடுத்து, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்ததில், எல்லாரும் செய்யும் தவறு அதே ஆறேழுதான். அதிலும் பாதி, வேலையைச் சரியாகச் செய்தும் முன்பின்னாகச் செய்ததால் வந்தது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். தரையில் நடுபவர்களுக்கும் இதே முறைதான், பை என்று வரும் இடத்தில் பாத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதல் வேலை காலண்டரில்

தக்காளி பூத்தால் மட்டும் போதாது, பூவில் மகரந்தம் உயிரோடு இருக்க வேண்டும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 25-க்குக் கீழே இறங்காமல் போனால் மகரந்தம் கெட்டு, பூ உதிர்ந்துவிடும். நம் கடற்கரையில் இரவு உண்மையாகக் குளிர்வது மார்கழி, தை, மாசியில் மட்டும். அந்த மூன்று மாதத்துக்குள் செடி பூத்துப் பிஞ்சு பிடித்தாக வேண்டும்.

இதை வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். தக்காளி விதை போட்டு நாற்று பிடுங்க 25 நாள், நட்டுப் பூக்க இன்னொரு 30 நாள். ஜனவரி கடைசியில் பூ வேண்டுமென்றால் நவம்பர் கடைசியில், அதாவது கார்த்திகை நடுவில் விதை விழ வேண்டும். மிளகாய்க்கு நாற்றுப் பருவமே 40 முதல் 45 நாள், அதனால் அதை ஐப்பசி முடிவில், நவம்பர் இரண்டாம் வாரத்துக்குள் போட்டுவிடுங்கள். குடைமிளகாயும் மிளகாயோடு சேர்த்துத்தான். இரண்டு தேதியில் விதைத்தாலும் இரண்டும் ஒரே சமயத்தில், மார்கழி முதல் பாதியில் மழை விலகும்போது நடவுக்குத் தயாராக நிற்கும்.

ஐப்பசி கார்த்திகையில் கொட்டுகிற மழையில் யாராவது விதைப்பார்களா என்று கேட்பார்கள். விதைக்கத்தான் வேண்டும், ஆனால் கூரைக்குக் கீழே. மழை நிற்கட்டும் என்று காத்திருந்தால் தை வந்துவிடும், தையில் போட்ட விதை பங்குனியில்தான் பூக்கும். நானும் முதல் வருஷம் பொங்கல் அன்று நல்ல நாள் என்று விதைத்தேன். செடி அருமையாக வளர்ந்தது. பூக்காம்பின் நடுவில் ஒரு சின்ன முடிச்சு இருக்குமே, அந்த இடம் மட்டும் மஞ்சளாகி, காலையில் தரையெங்கும் பூ காம்போடு கிடக்கும். சித்திரை வரை தண்ணீர் ஊற்றியும் கையில் வந்தது நாலே பழம்.

'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பது மிளகாய்க்குப் பொருந்தும். ஆனியில் நாற்று விட்டு ஆடியில் நட்டால் பெருமழைக்கு முன் வேர் ஊன்றிவிடும். தக்காளிக்கு அந்தப் பட்டத்தை நம் ஊரில் நான் சொல்லமாட்டேன், பூக்கும் நேரத்தில் புழுக்கம் விட்டிருக்காது, காய்க்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொள்ளும்.

2. விதை வாங்கும் முன் மண்

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் விதை வாங்குவார்கள், நாற்று வளர்ந்து நெருக்கிய பிறகுதான் மண்ணுக்கு ஓடுவார்கள். கலந்த மண் குறைந்தது 15 நாளாவது நிழலில் லேசான ஈரத்தோடு கிடக்க வேண்டும். பாதி மக்கிய சாணி உள்ளே சூடு கிளப்பினால் அந்தச் சூடு அடங்க அவ்வளவு நாள் ஆகும், அதற்குள் நட்டால் இளவேர் வெந்துவிடும். ஆகவே விதை போடும் வாரத்திலேயே மண்ணையும் கலந்து வைத்துவிடுங்கள்.

நான் கலப்பது: செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. ஒரு பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கடற்கரை மணலையோ, கட்டட வேலைக்கு மிஞ்சிய மணலையோ எடுத்துப் போடாதீர்கள், ஒன்றில் உப்பு, இன்னொன்றில் சிமெண்ட்.

நார்க்கழிவுக் கட்டியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மட்டையிலேயே உப்புச் சத்து உண்டு, ஊற வைக்கும்போது அதுவும் சேர்ந்து வெளியே வரும். முதல் தண்ணீர் டிகாஷன் நிறத்தில் இறங்கும். அதைக் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றிப் பிழியுங்கள், தண்ணீர் வெளிறி வரும்வரை மூன்று நான்கு முறை. ஏற்கெனவே நம் பக்கம் தண்ணீரில் உப்பு, கழுவாத நார்க்கழிவில் இன்னும் உப்பு என்றால், நாற்றின் இலை ஓரம் தீய்ந்துகொண்டே வரும், நீங்கள் அதை நோய் என்று நினைத்து மருந்து அடித்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு ஒரு தட்டு முழுக்க இப்படிப் போனது, கட்டி வாங்கிய கடையில் அப்படியே போடலாம் என்று சொன்னதை நம்பினேன்.

பை தக்காளிக்கு 15 அங்குல அகலம், 12 அங்குல உயரம் இருக்கட்டும். மிளகாய்க்கு 12-க்கு 12 போதும். பெயிண்ட் வாளி, எண்ணெய் டின் எதுவும் சரி, அடியில் நாலைந்து துளை இருக்க வேண்டும், அவ்வளவுதான். பையைத் தளத்தில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வைத்தால் துளை அடைபடாது, தளமும் ஊறாது, மாசிக்குப் பிறகு தரைச்சூடு வேரில் ஏறாது.

3. எந்த விதை

தக்காளியில் முதல் முயற்சிக்கு நான் கொடுப்பது பி.கே.எம். 1, பெரியகுளம் ரகம். குட்டையாக நிற்கும், பழம் தட்டையாக உருண்டு, தோள்பட்டையில் பச்சை ஓடும், ரசத்துக்கு ஏற்ற புளிப்பு. அதன் விதையை எடுத்து அடுத்த வருஷம் போடலாம். இலைச்சுருள் நோயால் போன வருஷமே அடிபட்டவர்கள் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்க்கா ரக்ஷக் போடலாம், இலைச்சுருள் வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் தாங்கும் வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) அது. ஒட்டு ரகம் என்பதால் விதை எடுத்து வைத்துப் பயனில்லை, அடுத்த தலைமுறை தாய் மாதிரி வராது.

மிளகாயில் நம் மாவட்டத்துப் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் கொடுத்த பாலூர் 1 இருக்கிறது. கிடைத்தால் அதையே எடுங்கள், இந்தக் கடற்கரைக்கு என்றே வந்தது. புதுச்சேரிக்காரர்கள் குரும்பாபேட்டில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒருமுறை போய் விசாரிக்கலாம்.

கடையில் வாங்கிய தக்காளியைப் பிழிந்தும், சமையலறை வரமிளகாயை உதிர்த்தும் போடலாமா? முளைக்கும். ஆனால் கடைத் தக்காளி பெரும்பாலும் ஒட்டு ரகம், என்ன வரும் என்று சொல்ல முடியாது. வரமிளகாய் எவ்வளவு நாள் மூட்டையில் கிடந்ததோ தெரியாது. நாலு மாத உழைப்பைப் போடப் போகிறீர்கள், விதைக்குச் சின்னக் காசு செலவழித்துவிடுங்கள்.

பாக்கெட்டில் விதை இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ இருந்தால் அது பூஞ்சாணக்கொல்லி பூசிய விதை. அதற்கு மறுபடி நேர்த்தி, அதாவது நோய் வராமல் விதைக்கு மருந்து பூசுவது, வேண்டாம், தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். மீதி விதையைக் காற்றுப் புகாத கண்ணாடி பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வைப்பது நல்லது. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் பிரித்த பாக்கெட் அப்படியே கிடந்தால் மிளகாய் விதை அடுத்த வருஷமே சோர்ந்துவிடும்.

4. விதைப்பு

நாற்றுக்குத் தனிக் கலவை. கழுவிய நார்க்கழிவு இரண்டு பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு. தோட்ட மண் இதில் வேண்டாம், நாற்றழுகல் பூஞ்சாணம் அதிலிருந்துதான் முதலில் வரும். கைப்பிடிக் கலவையை அழுத்திப் பிழிந்தால் ஒரு சொட்டு, இரண்டு சொட்டுத் தண்ணீர் வரலாம், ஒழுகக் கூடாது.

பூசாத விதைக்கு நேர்த்தி: ஆறின கஞ்சித் தண்ணீர் ஒரு தேக்கரண்டி, அதில் சூடோமோனாஸ் அல்லது டிரைகோடெர்மா விரிடி ஒரு சிட்டிகை, விதையை அதில் புரட்டி நிழலில் அரை மணி நேரம் காயவிட்டு உடனே விதைக்க வேண்டும். அந்தப் பொடியில் இருப்பது உயிருள்ள நுண்ணுயிர், அதனால் வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள். வெயிலில் வைத்தாலும் வீண்.

குழித்தட்டோ, அடியில் துளையிட்ட காகிதக் கோப்பையோ, ஒரு குழிக்கு இரண்டு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். சுண்டுவிரல் நகத்தின் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆழமாகப் புதைத்தால் மேலே வருவதற்குள் விதையில் உள்ள சத்து தீர்ந்துவிடும், மேலேயே தூவினால் விதைத்தோல் கழலாமல் விதையிலை (முதலில் விரியும் ஜோடி இலை) உள்ளேயே மாட்டிக்கொள்ளும். தட்டில் தூவிவிட்டுப் பிறகு பிரிக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். ஒரு கிராம் தக்காளியில் 300 விதைக்குப் பக்கம் இருக்கும், உங்களுக்கு வேண்டியதோ ஆறு செடி. பத்துக் குழியில் போட்டால் போதும்.

ஒவ்வொரு தட்டிலும் ரகமும் தேதியும் எழுதிக் குத்திவிடுங்கள். முளைத்த பிறகு மிளகாயும் குடைமிளகாயும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

தட்டை ஈரச் சாக்கால் மூடி, வீட்டுக்குள் அடுப்பங்கரை ஓரம் மாதிரி வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். தக்காளி 5 முதல் 8 நாளில் வரும், மிளகாய் 8 முதல் 14 நாள் எடுக்கும், குடைமிளகாய் இன்னும் ஓரிரு நாள் தள்ளலாம். எட்டாம் நாள் பொறுமை இழந்து மிளகாய்க் குழியைக் கிளறிப் பார்ப்பவர்கள் நிறைய. கிளறினால் அப்போதுதான் விட்ட வேர் அறுந்துபோகும். 14 நாள் வரை விட்டுவிடுங்கள்.

நான்காம் நாளிலிருந்து காலை, மாலை சாக்கைத் தூக்கிப் பாருங்கள். முதல் முளை வளைந்து தலை காட்டிய அன்றே சாக்கை எடுத்துவிட்டுத் தட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரே ஒரு நாள் மறந்தாலும் நாற்று நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிடும்.

5. முளைத்த பின் பத்து நாள்

செடி சாவது பெரும்பாலும் இந்தப் பத்து நாளில்தான். விதை போட்டவர் அக்கறையாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார். வானமோ மூடிக் கிடக்கும், கலவை காயவே காயாது. ஒருநாள் காலையில் பார்த்தால் நாற்று படுத்திருக்கும், இலை இன்னும் பச்சையாகவே இருக்கும். கீழே குனிந்து பாருங்கள், மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு வெந்நீர் பட்டது போல நீர்கோத்து, நூலாக ஒடுங்கியிருக்கும். அதுதான் நாற்றழுகல். விழுந்த நாற்று பிழைக்காது, ஆனால் பக்கத்துக் குழிகளைக் காப்பாற்றலாம். விழுந்ததைக் கலவையோடு எடுத்துத் தூர எறிந்துவிட்டு, தண்ணீரை நிறுத்தி, தட்டைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். பரவினால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேரில் படும்படி ஊற்றலாம்.

இது வராமல் இருக்க ஒரு பழக்கம் போதும். தண்ணீர் விடும் முன் தட்டைக் கையில் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் வேண்டாம். மேல்பரப்பு வெளிறி, தட்டு லேசானால் மட்டும் காலையில் தெளிப்பானால் தெளியுங்கள், மாலையில் வேண்டாம், இரவெல்லாம் ஈரம் தண்டில் நிற்கும்.

இரண்டாவது சிக்கல் வெளிச்சம். மழைக்குப் பயந்து தட்டை வீட்டுக்குள் ஜன்னலோரம் வைப்பார்கள், நாற்று ஜன்னலை நோக்கி நாலு அங்குலம் ஓடிச் சாய்ந்து நிற்கும். நான் செய்வது: மாடியில் இரண்டு ஸ்டூல் மேல் தட்டை வைத்து, அதற்கு மேலே ஒரு முழம் உயரத்தில் வெளிப்படையான பாலித்தீன் விரிப்பைச் சாய்வாகக் கட்டிவிடுவேன். மழை வழிந்து ஓடும், வெளிச்சம் இறங்கும், நாலு பக்கமும் திறந்திருப்பதால் காற்று வரும். பக்கங்களையும் சேர்த்து மூடிவிடாதீர்கள், உள்ளே வேர்த்து அழுகும். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள் என்று செய்தி வந்தால் விரிப்பைக் கழற்றி, தட்டைக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். இரண்டு நாள் இருட்டில் இருந்தால் நாற்று கொஞ்சம் நீளும், அவ்வளவுதான், காற்றில் பறந்தால் அந்த வருஷத்துத் தக்காளியே கிடையாது.

விதையிலைக்கு அடுத்து முதல் நிஜ இலை வந்ததும் குழிக்கு ஒன்றாகக் குறையுங்கள். பிடுங்க வேண்டாம், பக்கத்து நாற்றின் வேரும் கூடவே வரும். கத்தரிக்கோலால் மண்மட்டத்தில் வெட்டுங்கள். நல்லா இருக்கே, வெட்ட மனசு வரவில்லை என்று இரண்டையும் விட்டுவைத்தவர்களின் செடி இரண்டுமே நோஞ்சானாக நின்றதைத்தான் பார்த்திருக்கிறேன்.

6. வெயிலுக்குப் பழக்குதல்

நடவுக்கு ஒரு வாரம் முன்னால் தொடங்குங்கள். முதல் இரண்டு நாள் காலை வெயில் ஒரு மணி நேரம், அடுத்த இரண்டு நாள் மூன்று மணி நேரம், அப்புறம் பாதி நாள், கடைசி நாள் முழு வெயில். தண்ணீரையும் கொஞ்சம் குறைத்து, இலை லேசாகத் தொய்யும்போது மட்டும் விடுங்கள். நிழலில் வளர்ந்த இலை மெல்லியது, நேராக மாடி வெயிலில் வைத்தால் ஒரே மதியத்தில் வெள்ளைக் காகிதம் போல வெளுத்துவிடும். கடல் காற்றுக்கும் தண்டு பழக வேண்டும்.

7. நடவு

தக்காளிக்கு நாலைந்து நிஜ இலை, 25 நாள். மிளகாய்க்கு ஆறு இலை, பென்சிலில் பாதிப் பருமனுக்குத் தண்டு, 40 நாள். மாலை நாலு மணிக்கு மேல் நடுங்கள், இரவு முழுக்க வேர் ஓய்வெடுக்கும். இரண்டு மணி நேரம் முன்பே தட்டுக்குத் தண்ணீர் விட்டால் வேர்க்கட்டி உடையாமல் கழன்று வரும்.

இங்கே இரண்டு செடிக்கும் முறை வேறு. தக்காளியை விதையிலைக்கு மேல்வரை ஆழமாகப் புதைக்க வேண்டும், கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, முதல் நிஜ இலை வரை மண்ணுக்குள் போகட்டும். அதன் தண்டில் புதைந்த இடமெல்லாம் வேர் விடும், செடி வலுவாக நிற்கும். மிளகாயும் குடைமிளகாயும் தட்டில் எந்த மட்டத்தில் நின்றதோ அதே மட்டத்தில்தான். தக்காளியைப் பார்த்து மிளகாயையும் ஆழமாக நட்டு, கழுத்து அழுகிப் பறிகொடுப்பவர்கள் ஒவ்வொரு வருஷமும் இருக்கிறார்கள்.

பைக்கு ஒரு செடி. தரையில் வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 45. தரையில் நடுபவர்கள் மேட்டுப் பாத்தி போடுங்கள், மார்கழியிலும் ஒரு மழை தப்பி வந்து அடிக்கும், வேரில் ஒரு நாள் தண்ணீர் நின்றாலும் மிளகாய் வாடிவிடும்.

குச்சியையும் அன்றைக்கே ஊன்றிவிடுங்கள். செடி சாய்ந்த பிறகு ஊன்றினால் குச்சி வேரைக் கிழித்துக்கொண்டு இறங்கும். நம் பக்கம் சவுக்குக்குப் பஞ்சமில்லை, நாலடிக் குச்சி ஒன்று போதும். கயிற்றை எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள், தண்டு பருக்க இடம் வேண்டும்.

8. தண்ணீர்

விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் அடியில் ஒழுகும்வரை ஊற்றுங்கள், ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். தினமும் ஒரு குவளை என்று கணக்கு வைத்து மேலாக ஊற்றினால் வேர் மேலேயே நின்றுவிடும். மாசியில் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று இருப்பது சித்திரையில் தினம் இரண்டு வேளையாகும்.

கடலுக்குப் பக்கமான தெருக்களில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். மிளகாய் தக்காளியைவிட உப்பைக் குறைவாகத்தான் தாங்கும், அதனால் ஒரே தண்ணீரில் தக்காளி செழித்து மிளகாய் மட்டும் இலை ஓரம் காய்ந்து நின்றால் உப்பைச் சந்தேகப்படுங்கள். ஐப்பசி மழையில் ஒரு டிரம்மாவது பிடித்து மூடி வைத்து, அதை நாற்றுக்கும் மிளகாய்க்கும் ஒதுக்குங்கள். ஆர்.ஓ. மெஷினிலிருந்து கழிவாக வரும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுவது நிறைய வீட்டில் நடக்கிறது. நல்ல எண்ணம்தான், ஆனால் மெஷின் பிரித்து எடுத்த உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. அது வீடு துடைக்கட்டும்.

பையின் மேல் இரண்டு அங்குலம் மூடாக்கு போடுங்கள். சவுக்குச் சருகு, காய்ந்த வேப்பிலை, தேங்காய் மட்டை நார் எதுவும் சரி, தண்டை மட்டும் தொடாமல் இருக்க வேண்டும். மூடாக்கு இருந்தால் ஈரம் ஒரே சீராக நிற்கும். தக்காளியின் அடிப்பாகம் கறுத்து, தோல் மாதிரி அமுங்கிப் போகிறதே, அது பெரும்பாலும் ஈரம் ஏறி இறங்குவதால் கால்சியம் பழம்வரை போய்ச் சேராமல் வருவது. மூன்று நாள் காயவிட்டு நாலாம் நாள் குளிப்பாட்டினால் முட்டை ஓடு எவ்வளவு போட்டும் அது நிற்காது.

9. உரம்

நட்டு 15 நாள் வரை ஒன்றும் வேண்டாம். அப்புறம் 15 நாளுக்கு ஒருமுறை, 100 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்துப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து வேரில். பஞ்சகவ்யா வைத்திருப்பவர்கள் லிட்டருக்கு 30 மில்லி கலந்து இலையில் தெளிக்கலாம். மொட்டு வந்த பிறகு புண்ணாக்கைக் குறைத்துவிடுங்கள். தழைச்சத்து மிஞ்சினால் கரும்பச்சையாக இலைதான் பெருகும், பூ வராது, அந்த இளம் இலைக்குப் பூச்சியும் ஓடிவரும்.

10. இலை சுருண்டால்

மருந்து வாங்க ஓடும் முன் இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். மிளகாய் இலை ஓரம் மேல்நோக்கிப் படகு மாதிரி மடிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கி, கவிழ்த்த படகு மாதிரி மடிந்து காம்பு நீண்டால் சிலந்தி (வலை பின்னும் சிலந்தி இல்லை, இலையில் சாறு உறிஞ்சும் மிகச் சின்னப் பூச்சி). இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கரைய இரண்டு மூன்று சொட்டு சோப்புக் கரைசல், மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி. சிலந்திக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், ஆனால் வேப்பெண்ணெய் அடித்த பத்துப் பதினைந்து நாளுக்குள் கந்தகம் அடிக்காதீர்கள், இலை கருகும். கடும் வெயிலிலும் வேண்டாம்.

தக்காளியில் நுனி இலை சிறுத்து, மஞ்சளாகி, கொத்தாகச் சுருண்டு, செடி வளர்ச்சியே நின்றால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். இதற்கு மருந்து இல்லை. மனசு கேட்காமல் பத்து நாள் வைத்திருந்தால் மற்ற செடிக்கும் பரவும், அன்றைக்கே பிடுங்கிப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். வெள்ளை ஈயைக் கண்காணிக்க விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டை இரண்டைச் செடி உயரத்தில் தொங்கவிடுங்கள், நாற்றுத் தட்டுப் பக்கமும் ஒன்று. நாற்றிலேயே தொற்றினால்தான் சேதம் அதிகம். வீட்டில் பீடி, புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் கை கழுவிவிட்டுச் செடியைத் தொடட்டும், புகையிலையிலிருந்து தேமல் வைரஸ் வரும்.

11. பூவும் பறிப்பும்

இரண்டும் தன் பூவிலேயே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும், அசைவு மட்டும் வேண்டும். மாடியில் காற்று இல்லாத நாளில் காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள் பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள். குடைமிளகாயில் கிளை பிரியும் இடத்தில் வரும் முதல் மொட்டைக் கிள்ளிவிட்டால் செடி முதலில் வளரும். நம் ஊரில் குடைமிளகாய் செடிக்கு நாலைந்து காய், அதுவும் கடைக்காயைவிடச் சிறியதாகத்தான் வரும், பங்குனியோடு நின்றுவிடும் என்று தெரிந்துகொண்டு நடுங்கள்.

மாசி கடைசியில் தக்காளிக்கு மேல் 35 அல்லது 50 சத நிழல்வலையை மேற்குப் பக்கம் சரித்துக் கட்டுங்கள், மதிய வெயில் மட்டும் தடுக்கப்பட்டால் போதும். இன்னும் மூன்று வாரம் பிஞ்சு பிடிக்கும். காய் வெளுத்து அடியில் இளஞ்சிவப்பு லேசாக ஏறியதுமே பறித்துக் கூடையில் பழுக்க வையுங்கள். 30 டிகிரிக்கு மேல் போனால் செடியிலேயே பழுத்த பழத்தில் சிவப்பு சரியாக ஏறாது, ஆரஞ்சாகவே நிற்கும், அதற்குள் அணிலும் கடித்துவிடும். வீட்டுக்குள் பழுத்தால் நல்ல சிவப்பு, ருசியிலும் குறை தெரியாது.

மிளகாயைக் காம்போடு, கத்தரியால் வெட்டிப் பறியுங்கள். இழுத்துப் பறித்தால் கிளை முறியும். பச்சையாகப் பறித்துக்கொண்டே இருந்தால் பூத்துக்கொண்டே இருக்கும், பழுக்கவிட்டால் காய்ப்பு தளரும்.

12. அடுத்த பட்டத்துக்கு

தக்காளிச் செடியை வைகாசியில் பிடுங்கிவிடலாம். மிளகாயைப் பிடுங்காதீர்கள். கத்திரி வெயிலில் இலை உதிர்ந்து, செத்ததுபோல நின்றாலும் நிழல்வலைக்குக் கீழே வைத்து உயிர்த்தண்ணீர் விட்டுக்கொண்டிருங்கள். ஆடியில் முதல் மழை நனைத்ததும் செடியைப் பாதி உயரத்துக்கு வெட்டி, மேல் மண்ணை இரண்டு அங்குலம் எடுத்துவிட்டுப் புது மண்புழு உரம் போட்டால், மூன்று வாரத்தில் கணுவுக்குக் கணு துளிர்க்கும். என்னிடம் இரண்டு வருஷம் தாண்டிய செடிகள் இருக்கின்றன.

விதைக்கு, நோய் படாத செடியில் இரண்டாம் மூன்றாம் பறிப்பின் நல்ல பழமாக ஒன்றை முழுக்கப் பழுக்க விடுங்கள். தக்காளியின் விதைச் சாற்றை ஒரு டம்ளரில் பிழிந்து இரண்டு நாள் புளிக்கவைத்துக் கழுவினால் விதையைச் சுற்றிய வழுவழுப்பு போய்விடும், அது இருந்தால் முளைப்பு தடைபடும். மிளகாயைச் சிவக்கப் பழுத்த பின் நிழலில் உலர்த்தி உதிர்க்க வேண்டும், கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள். குடைமிளகாயும் காரமிளகாயும் பக்கம் பக்கமாக நின்றிருந்தால் அந்த விதையை எடுக்காதீர்கள், தேனீ இரண்டையும் கலந்துவிட்டிருக்கும், அடுத்த வருஷம் குடைமிளகாய்ப் பொரியலில் காரம் ஏறும்.